வாய்மேல் விரல்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. படம் வரையும்போதும், பொத்தான் போடும்போதும் தனக்குத் தானே பேசிக்கொண்டே இருக்கிறான். கட்டைகளை அடுக்கும்போது, “இது மேல வேணாம், விழுந்துரும், பெருசு கீழ” என்பான். எதிரில் யாரும் இருப்பதில்லை. மற்றபடி எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறான். வகுப்பில் முணுமுணுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். இப்போதெல்லாம் அவன் எழுத உட்கார்ந்தால் வாய்மேல் விரல் வைக்கச் சொல்கிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். சிந்தனை முதலில் வருகிறதா, மொழி முதலில் வருகிறதா? வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசினால் அவனுடைய சிந்தனை வளருமா?

– ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும்விட, போகிறபோக்கில் சொன்ன ‘வாய்மேல் விரல்’தான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது. சில மாதங்களாகவே குழந்தைகளின் தனிப்பேச்சைப் பற்றிப் படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விரலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கயிறு கட்டுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது, மாமியாரின் மனம் நிறையட்டும். ஆனால் நீங்கள் வைக்கச் சொல்லும் விரல், அவன் யோசிக்கும் வழியையே அடைக்கிறது.

இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை நாங்கள் வாயால்தான் போட்டோம். “மூணுலேருந்து எட்டு போகாது, பக்கத்து வீட்ல கடன் வாங்கு, பதிமூணுலேருந்து எட்டு போனா அஞ்சு.” இதை முணுமுணுக்காமல் எனக்குக் கணக்கு ஓடாது. வகுப்பு சந்தைக்கடையாக இருக்கிறது என்று ஒரு நாள் ஆசிரியர் எல்லோரையும் வாய்மேல் விரல் வைத்துக்கொண்டே கணக்குப் போடச் சொன்னார். இடது கை வாய்மேல் இருந்ததால் மடியிலிருந்த சிலேட்டைப் பிடிக்கக் கையில்லை, அது ஆடியது. அதைவிட, பக்கத்து வீட்டில் வாங்கிய கடன் எனக்கு மறந்து மறந்து போனது. எட்டிலிருந்து மூன்றைக் கழித்து எழுதி வைத்தேன். விடையும் ஐந்தாகவே வந்ததால் அந்த இலக்கம் தப்பியது, அடுத்த இலக்கத்தில் மாட்டிக்கொண்டேன். விரல் முட்டியில் ஸ்கேலால் விழுந்த அடி வலித்தது உண்மைதான். அதைக் காட்டிலும், வாய் மூடியிருந்தபோது தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை என்ற திகைப்புதான் இத்தனை வருடம் கழித்தும் நினைவிலிருக்கிறது. நான் மக்கு என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அதே வருடம் தை மாதத்தில் தாத்தாவின் களத்தில் நெல் அளந்தார்கள். அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். “லாபம், லாபம், லாபம்” என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே அடுத்த மரக்காலை நிரப்புவார். அதைக் கொட்டிய பிறகுதான் “ரெண்டு, ரெண்டு” என்று மாறும். நடுவில் யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார், வாய் எண்ணை விடாது. தலைநரைத்த அந்த மனிதரை வாயை மூடிக்கொண்டு அளக்கும்படி எவரும் சொல்லவில்லை. எண்ணுதல் என்ற சொல் தமிழில் கணக்கிடுவதற்கும் நினைப்பதற்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பது பின்னால் கவனத்துக்கு வந்தபோது, எனக்கு அந்தக் களம்தான் ஞாபகம் வந்தது.

இனி உங்கள் மகன். அவனைப் போன்ற குழந்தைகளின் பேச்சைப் பற்றி, 1896இல் பிறந்த இரண்டு உளவியல் மேதைகளுக்கு நடுவே ஒரு பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. ஜெனிவாவில் இரண்டு ஆறு வயதுச் சிறுவர்கள் பேசிய ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஒரு மாதம் எழுதியெடுக்கச் செய்த ழான் பியாஜே, அவற்றில் கணிசமான பங்கு பிறருக்காகப் பேசப்பட்டதே அல்ல என்று கண்டு, அதற்குத் தன்மையப் பேச்சு என்று பெயரிட்டு 1923இல் நூலாக்கினார். பிறர் நிலையில் நின்று பார்க்கக் குழந்தைக்கு இன்னும் தெரியாததால் வருவது அது, வளர வளரத் தானே உதிர்ந்துவிடும் என்பது அவருடைய கணிப்பு.

மாஸ்கோவிலிருந்த லெவ் வைகோட்ஸ்கி அது உதிர்வதில்லை என்றார். அவர் செய்த சோதனை எளிமையானது. குழந்தை வரையத் தயாராகும்போது தேவையான வண்ணப் பென்சில் இல்லாதபடி செய்துவிட்டு அது என்ன பேசுகிறது என்று கவனித்தார். தடங்கல் வந்தபோது தனிப்பேச்சு ஏறக்குறைய இருமடங்கானது. ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தான். சக்கரத்துக்கு வட்டம் போட அழுத்தும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. “உடைஞ்சிருச்சு” என்று தனக்குள் மெல்லச் சொன்னவன், பென்சிலை வைத்துவிட்டு வண்ணக் குழம்பை எடுத்து, உடைந்துபோன டிராம் ஒன்றை வரைய ஆரம்பித்தான். பென்சிலைப் பற்றி வாயிலிருந்து விழுந்த சொல் படத்தின் கருவாகிவிட்டது. உங்கள் மகன் “பெருசு கீழ” என்று சொன்ன பிறகு கை எந்தக் கட்டையைத் தேடுகிறது என்று கவனியுங்கள். அதே வேலை அங்கே நடப்பதைக் காண்பீர்கள்.

இந்தப் பேச்சு ஊரார் பேச்சிலிருந்து பிறக்கிறது. “ஓடாதே, விழுந்துருவ” என்று நீங்கள் சொன்னதைத்தான் அவன் கட்டைக்குச் சொல்கிறான், பிறகு தனக்கே சொல்லிக்கொள்வான். சத்தமாக இருப்பது முணுமுணுப்பாகும், முணுமுணுப்பு உதட்டசைவாகும். பிறகு வெளியே ஒன்றும் கேட்காது, ஆனால் உள்ளே பேச்சு நடந்துகொண்டிருக்கும். வைகோட்ஸ்கி அதை உள்மொழி என்றார். வகுப்பறைகளில் குழந்தைகள் கணக்குப் போடும்போது முணுமுணுப்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லாரா பெர்க்கும் இதே படிகளைக் கண்டார். ஆகவே உங்கள் மகனின் ஆசிரியை நிறுத்தச் சொல்வது, இன்னும் சில ஆண்டுகளில் தானே உள்ளே போகவிருக்கும் ஒன்றை. பாதி வழியில் வாயைப் பொத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் யோசனை அறுந்துபோகலாம். என் சிலேட்டில் நடந்தது அதுதான்.

வைகோட்ஸ்கி 1934இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. ‘சிந்தனையும் பேச்சும்’ என்ற அவருடைய நூல் அவர் மறைந்த பிறகே வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே சோவியத் அரசின் கெடுபிடியில் அவருடைய எழுத்துகள் முடக்கப்பட்டன. 1962இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது பியாஜே அதற்கு ஒரு மறுமொழி எழுதினார். சக ஆய்வாளர் ஒருவரின் நூலை அவர் இறந்து இத்தனை காலம் கழித்துப் படிக்க நேர்ந்த வருத்தத்தை அதில் சொல்லிவிட்டு, தன்மையப் பேச்சிலிருந்தே உள்மொழி தொடங்குகிறது என்பதை ஒப்புக்கொண்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிந்தனையா மொழியா, எது முதலில் என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் வேர் வேறு. டெனரிஃப் தீவில் ஜெர்மானிய உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் ஆராய்ந்த சிம்பன்சிகள் மொழியில்லாமலே குச்சியால் பழத்தை இழுக்கும் வழியைக் கண்டுபிடித்தன. கைக்குழந்தை சிந்தனையில்லாமலே மழலை பேசுகிறது. இரண்டு வயதையொட்டி இந்த இரண்டு ஓடைகளும் கலக்கின்றன. நம் மொழியில் அந்தக் கலப்பு அப்படியே தெரிகிறது. ‘வரலாம் என்று நினைத்தேன்’ என்கிறோம். ‘என்று’ என்றால் சொல்லி என்றுதான் பொருள். தமிழில் ஒருவன் தான் நினைத்ததைச் சொல்லும்போதெல்லாம், உள்ளே சொல்லிக்கொண்டதாகத்தான் சொல்கிறான்.

ஆங்கிலத்தைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை. குழந்தைகள் இரண்டு மொழியைத் தாங்குவார்கள், மூன்றையும் தாங்குவார்கள். ஆனால் நீங்கள் எந்த மொழியில் அவனைக் கொஞ்சுவீர்களோ, கடிந்துகொள்வீர்களோ, ‘ஏன்’ என்று கேட்டால் காரணம் சொல்வீர்களோ, அந்த மொழியை வீட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ‘கம், சிட், ஈட்’ என்று ஏவல்கள் மட்டுமே காதில் விழும் வீட்டில், குழந்தை தனக்குள் சொல்லிக்கொள்ளவும் ஏவல்கள் மட்டுமே கிடைக்கும். “விழுந்துரும்” என்ற அவனுடைய சொல்லில் வரப்போவதை முன்கூட்டிப் பார்க்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதை நீங்கள்தான் அவனுக்குக் கொடுத்தீர்கள், தமிழில்.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அறுபது குழந்தைகளின் இரைச்சல் அவருக்கும் தாங்காது. அவனைச் சுவரோரம் உட்காரவைத்து, மெல்லிய குரலில் சொல்லிக்கொள்ள விடும்படி கேளுங்கள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள், அம்மா. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவன் கட்டை அடுக்கும்போதும் படம் வரையும்போதும் சொல்வதை, அவனுக்குத் தெரியாமல், தேதி போட்டு, அவன் வாயிலிருந்து வருகிற அதே சொற்களில் எழுதி வாருங்கள். கட்டை விழுந்த பிறகு என்ன சொன்னான் என்பதைத் தவறாமல் குறித்து வையுங்கள். ஒரு மாதம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.