நீலகிரிச் சோலைக்கிளியும் கொடைக்கானல் சோலைக்கிளியும் ஒரே இனமா?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணப்படும் சோலைக்கிளிகள் ஒரே பறவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். அகத்தியமலைப் பகுதியில் மூன்றாவதாக ஓர் இனமும் விவரிக்கப்பட்டுள்ளது.

பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி வகையைச் சேர்ந்தது அன்று. மலையாளத்தில் கிளி என்பது பொதுவாகச் சிறு பறவையைக் குறிக்கும். மங்கிய ஒளியில் சோலை எனப்படும் உயர்மலைக் காட்டின் தரையோரம் இரைதேடும் இந்தப் பாடும் பறவை, ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தில் அடங்கும்.

இதை வகைப்படுத்துவதில் அறிஞர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள். 1840களில் நீலகிரிப் பறவையை விவரித்த இயற்கை ஆய்வாளர் ஜெர்டன் அதைச் செவ்வால் பறவைகளின் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைத்தார். 1860களில், கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலையின் பறவையைத் தனியினமாக இயற்கை ஆய்வாளர் பிளான்ஃபோர்டு விவரித்தார். பின்னர் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் துணையினங்களாக்கி, இமயமலையிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் குட்டைச்சிறகன்களோடு சேர்த்துவிட்டனர். மரபணுக்களை ஒப்பிட்ட வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இவை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தனித்துக் கிளைத்த பரம்பரை என்று காட்டி, 2017இல் 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம்முடைய 'சோலை' என்ற சொல் ஓர் அறிவியல் பெயருக்குள் அமர்ந்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

பரவலைத் தீர்மானிப்பவை கணவாய்கள். குளிர்ந்த உயர்மலைச் சோலையை விட்டு இறங்காத இப்பறவைக்கு, 30 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து கிடக்கும் வெப்பமான பாலக்காட்டுக் கணவாய் ஒரு கடலைப் போன்றது. அதற்கு வடக்கே நீலகிரி முதல் கர்நாடகத்தின் பாபாபுதன் மலை வரை வாழ்வது நீலகிரிச் சோலைக்கிளி. அதன் விலாப்புறம் செம்பழுப்பாக இருக்கும். தெற்கே ஆனைமலை, பழனி, ஏலமலைப் பகுதிகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்தச் செம்பழுப்பு கிடையாது. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் இருப்பது அசம்பு சோலைக்கிளி. தோற்றத்தில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியை மிகவும் ஒத்திருந்ததால், 2017 வரை அது தனியினமாக விவரிக்கப்படவில்லை.

ஆகவே, தெற்கே இந்தப் பறவையைக் காண்பவர்கள் நிறத்தைவிட இடத்தையே முதன்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அகத்தியமலையிலிருந்து வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று பழைய குறிப்பேடுகளில் எழுதப்பட்டவை எல்லாம் இப்போது அசம்பு சோலைக்கிளியின் கணக்கில் சேர வேண்டியவை.