ஊசி என்னுடையதுதான், அப்புறம் எப்படி?

ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பற்றியும் எச்.ஐ.வி. பற்றியும், போதை மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களும் வீட்டாரும் கேட்டவை.

கேள்வி: ஊசியை நான் இரவல் வாங்கியதே இல்லை. ஹெபடைடிஸ் சி எப்படி வந்தது?

பதில்: ஊசி உங்களுடையது, சரி. மருந்தைக் கலக்கிய கரண்டி? கரைத்த தண்ணீர்? வடிகட்டிய பஞ்சு? ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஊசியால் ஒருவர் அதே கரண்டியிலிருந்து உறிஞ்சியிருந்தால் போதும். சிரிஞ்சைக் கடைசிவரை அழுத்தினாலும், ஊசியை மாட்டும் கழுத்துப் பகுதியில் சொட்டு தங்கிவிடும். அதில் கலந்திருக்கும் ரத்தம் கண்ணுக்கே தெரியாது. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, அப்படித் தங்கிய மிச்சத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை தாக்குப்பிடித்திருக்கிறது. ஊசியைக் கழற்றி மாட்டும் சிரிஞ்சில்தான் மிச்சம் அதிகம். ஊசியோடு சேர்ந்தே வரும் இன்சுலின் சிரிஞ்சில் மிகக் குறைவு.

கேள்வி: ப்ளீச் விட்டுக் கழுவினால் போதாதா?

பதில்: புது ஊசி கிடைக்காதபோது, சும்மா விடுவதற்கு அது மேல். அவ்வளவுதான். தண்ணீரில் அலசியதையெல்லாம் கழுவியதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கல்லீரல் போச்சா?

பதில்: பதறாதீர்கள். ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது. வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்தது என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு, சிகிச்சை இல்லாமலே ஆறு மாதத்துக்குள் அது போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்று, வைரஸையே ரத்தத்தில் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையில் தெரியும். இருந்தால் பெரும்பாலும் 8 அல்லது 12 வாரம் மாத்திரை. 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்து காலத்துக் காய்ச்சல் கதைகளைக் கேட்டு இன்னமும் ஒதுங்கி நிற்கிறவர்கள் உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. "முதலில் போதையை விட்டுவிட்டு வா" என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பினால், இன்னொருவரிடம் போங்கள். அப்படி ஒரு நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை.

கேள்வி: குணமானால் மறுபடி வராதே?

பதில்: வரும். ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கும், ஆனால் காவல் காக்காது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை.

கேள்வி: நேற்று ராத்திரி நண்பனின் ஊசியைப் போட்டுக்கொண்டேன். அவனுக்கு எச்.ஐ.வி. என்று இன்றுதான் சொன்னான். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறானாம்.

பதில்: படித்தது போதும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். மாத்திரையால் வைரஸ் அளவு அடங்கியவரிடமிருந்து உடலுறவில் பரவாது என்பது உண்மை. அந்த உத்தரவாதத்தை ஊசிக்கும் சேர்த்துக்கொள்ள முடியாது.

கேள்வி: மகனுக்கு ஹெபடைடிஸ் சி. தட்டு, டம்ளர் தனியாக வைக்கணுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பக்கத்தில் உட்கார்த்தி ஒரே தட்டில் ஊட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும் மட்டும் தனி.