மூன்றாம் நாளே கலைந்துபோகும் டைம்டேபிள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். வயது 31, பி.காம். படித்திருக்கிறேன். மகள் ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு இரண்டரை வயது. மாமியாருக்குச் சர்க்கரை. கணவர் நாலு ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உரக்கடை ஒன்றிலும் வேலை செய்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரை ஓட்டம்தான். ஆனால் இன்று என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. குரூப் 4 எழுத வேண்டும் என்று ஆசை. நோட்டுப் போட்டு மணிவாரியாக டைம்டேபிள் எழுதுகிறேன், மூன்றாம் நாளே கலைந்துவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கே உடம்பு அசந்துபோகிறது. ‘வீட்ல சும்மாதானே இருக்கே, படிக்கிறதுக்கு என்ன?’ என்கிறார் அவர். எனக்குத் திட்டமிடத் தெரியவில்லையா?

பதில்: நன்றாகவே தெரிகிறது. சர்க்கரை உள்ள பெரியவர், இரண்டரை வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் பெண் என்று மூன்று பேருக்கும் வேளை தவறாமல் எல்லாம் நடக்கிற வீடு தானாக நடப்பதில்லை. பிசகு நீங்கள் கையில் எடுத்த முறையில் இருக்கிறது. ‘10 முதல் 11 வரை பொது அறிவு’ என்று எழுதுவது, தன் நேரம் தன் கையில் இருக்கும் கல்லூரி மாணவருக்குச் சரி. உங்கள் பத்து மணி உங்களுடையது இல்லை. பையனுக்கு மூக்கு ஒழுகினால் அது அவனுடையது, வயலுக்கு ஆள் வந்தால் அவர்களுடையது. பிறர் கையில் உள்ள நேரத்தை உங்கள் பெயரில் எழுதிவிட்டு, அது நடக்காதபோது உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

‘சும்மா’ என்ற பேச்சுக்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய அரசு 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரிந்தது. வீட்டுவேலை செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. கணவரோடு சண்டை பிடிக்க இதைச் சொல்லவில்லை. நாள் எங்கே போகிறது என்ற உங்கள் சந்தேகம் தீரட்டும்.

இனி வேலைக்கு வருவோம். நோட்டில் மணியை எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் நகராத விஷயங்கள் எவை என்று மட்டும் எழுதுங்கள். குழாயில் தண்ணீர் வரும் வேளை, பள்ளி மணி, மாமியாரின் மாத்திரையும் அதையொட்டிய சாப்பாடும், பையனின் மதியத் தூக்கம். எனக்குத் தெரிந்து உங்களுக்கு இவ்வளவுதான் இருக்கும். இதில் மாத்திரை கொஞ்சமும் தள்ளிப்போகக் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மற்ற வேலைகளெல்லாம் இந்த நாலுக்கும் நடுவே முன்னே பின்னே நகரக்கூடியவை. துணி பத்து மணிக்குத் துவைத்தாலும் நாலு மணிக்குத் துவைத்தாலும் துணிதான். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே ஒரு வேலையை மட்டும் ‘இது நடந்தே ஆகணும்’ என்று வையுங்கள். மீதி நடந்தால் நடக்கட்டும்.

பையனின் மதியத் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பகலில் ஒருமுறை, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தூங்குவது வழக்கம். அவன் கண்ணை மூடியதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பாத்திரம் கழுவுகிறீர்கள், துணி மடிக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் இதைத்தான் செய்கிறார்கள். அவன் விழித்திருக்கும்போது செய்ய முடியாத ஒரே வேலை படிப்பு. பாத்திரம் கழுவும்போது அவனிடம் ஒரு கிண்ணமும் தண்ணீரும் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடுவான். ஆகவே அவன் தூங்கியதும் முதல் நாற்பது நிமிடம் புத்தகம், பிறகு பத்து நிமிடம் கால் நீட்டிப் படுப்பது, அதற்குப் பிறகுதான் பாத்திரம். சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கும்போது புத்தகத்தை எடுக்க மனசு கூசும். அந்தக் கூச்சத்தைத் தாண்டுவதுதான் இதில் கஷ்டமான பகுதி.

இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்கிறார்கள். மகனை அங்கே பழக்குங்கள். முதல் சில வாரம் அழுவான், பிறகு மதியம் வரை உங்களுக்குக் கையும் காலும் விடுபடும். மகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25இல் விரிவுபடுத்தியது உங்களுக்குப் பக்கத்துத் திருக்குவளையில்தான். ‘பள்ளிக்கூடத்துல சாப்பிட விட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று வீட்டிலும் இட்லி ஊற்றி ஊட்டி அனுப்பும் அம்மாக்கள் நம் பக்கம் நிறைய. அது பிள்ளைகளின் உரிமை, சூடான சாப்பாடு, கூட உட்காரத் தோழிகளும் உண்டு. காலையில் அந்த முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

கணவர் விஷயத்தில் ‘உதவி’ கேட்காதீர்கள். உதவி என்றால் நீங்கள் நினைவுபடுத்த வேண்டும், அவர் செய்ய வேண்டும். நினைவுபடுத்தும் பாரம் உங்கள் தலையிலேயே இருக்கும். ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்துவிடுங்கள். மாமியாரின் மருந்து நல்ல இடம். எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது, எப்போது தீரும், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்பதெல்லாம் இனி அவர் கணக்கு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதிந்துவைக்கும் வேலையிலிருந்தே அவர் தொடங்கட்டும். முதல் மாதம் தாமதமாகும், உங்களுக்குக் கை பரபரக்கும். பட்டை காலியாகும் நிலை வந்தால் மட்டும் வாய் திறங்கள். உட்கார்ந்தபடி செய்யும் வேலைகளை மாமியாரிடமும் கேட்கலாம். ‘அத்தை, இந்தக் கீரையை ஆஞ்சு தர்றீங்களா’ என்று கேட்டால் மறுக்கமாட்டார். தன்னாலும் வீட்டுக்கு ஆகிறது என்பது பெரியவர்களுக்கு மருந்து மாதிரி.

இதையெல்லாம் செய்தாலும் வருஷம் முழுக்க ஒரே அளவு படிக்க முடியாது. விவசாய வீட்டில் அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும் உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். சம்பாவுக்கு விதைப்பு, களையெடுப்பு என்று ஆட்கள் வரும் நாட்களில் டீயும் சாப்பாடும் உங்கள் தலையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, கரண்ட் கட், காயாத துணி, பிள்ளைகளுக்குச் சளி. தை பிறந்தால் அறுவடை, பிறகு நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு அவர் ராத்திரியும் அங்கேயே காவல் கிடப்பார். அந்த நாட்களில் மருந்துக் கணக்கும் உங்களிடம் திரும்பி வரும், வரட்டும். ஐப்பசியிலிருந்து தை வரை படித்ததைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் போதும். புதுப் பாடம் எதுவும் வேண்டாம். மாசி பாதியிலிருந்து பள்ளிக் கோடை விடுமுறை தொடங்கும் வரை ஒன்று, ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து சம்பா விதைப்பு வரை இன்னொன்று என்று வருஷத்தில் உங்களுக்கு இரண்டு நல்ல பருவம் இருக்கிறது. புதுப் பாடத்தையெல்லாம் அங்கே வையுங்கள்.

எதைப் படிப்பது? குரூப் 4இல் 200 கேள்வி. அதில் 100 தமிழ். தமிழ்ப் பகுதியில் நாற்பது விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுத் தமிழ்ப் பாடநூல்களில் தொடங்குங்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செய்யுளும் ஆசிரியர் குறிப்பும் சமைத்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லக்கூடியவை. கணக்கு அப்படியல்ல, அதற்கு மேசையும் அமைதியும் வேண்டும். அதை மதியத்துக்கு வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்பும் உண்டு. தினமும் திருவாரூர் போய்வருவது இப்போது உங்களுக்கு ஒத்துவராது. மாதிரித் தேர்வு நாட்களில் மட்டும் போய் எழுதிவிட்டு வர முடியுமா என்று விசாரியுங்கள்.

மாதாந்திர மின்தடை நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். முதல் நாள் ராத்திரியே மாவு அரைத்து, தொட்டியை நிரப்பிவிட்டால் அந்தப் பகல் தப்பிக்கும்.

கடைசியாக, மூன்று மணி அசதியைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது. 12க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து மாத்திரை எடுங்கள். அதை டீயோடு மட்டும் விழுங்காதீர்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், எலுமிச்சைச் சாற்றோடு குடித்தால் இன்னும் நல்லது. புது நோட்டு வாங்குவதற்கு முன்னால், இந்த வாரமே அந்தப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள்.