வாசகர் கேள்வி – பதில்: வேல்ஸில் குன்று மலையாவது எப்படி?

கேள்வி: வேல்ஸில் 2008ஆம் ஆண்டு ஒரு குன்றை மீண்டும் அளந்து, அது மலைதான் என்று அறிவித்ததாகப் படித்தேன். பாறை வளர்ந்துவிட்டதா, பழைய வரைபடம் தவறா?

பதில்: பாறை வளரவில்லை. வரைபடத்தையும் முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. நீங்கள் குறிப்பிடுவது, ஸ்னோடோனியாவின் மேற்குப் பகுதியில் நாந்த்லே முகட்டின் கோடியில் நிற்கும் மனித் கிரைக் கோக். பிரிட்டனில் மலையேறுவோர் பலர் 2,000 அடியை, அதாவது 609.6 மீட்டரை, மலைக்கான எல்லையாகக் கொள்கிறார்கள். அந்நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட வரைபடத்தில் இதன் உயரம் 609 மீட்டர் என்று இருந்ததால் இது குன்றாகவே கருதப்பட்டது. வான்வழிப் புகைப்படங்களிலிருந்து கணக்கிடப்படும் உயரங்களில் ஓரிரு மீட்டர் பிழை சேர்வது இயல்பு. எல்லையை ஒட்டி நிற்கும் ஒரு குன்று எந்தப் பக்கம் என்பதை அத்தகைய எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஜான் பர்னார்ட், கிரஹாம் ஜாக்சன், மிர்தின் பிலிப்ஸ் ஆகிய மூவர் செயற்கைக்கோள் கருவியுடன் ஏறி அளந்தபோது கிடைத்த உயரம் 609.75 மீட்டர். எல்லையைவிட 15 சென்டிமீட்டர், ஏறத்தாழ அரை அடி, கூடுதல். ஆர்ட்னன்ஸ் சர்வேயும் இதனை ஏற்றுக்கொண்டது. இதே முறையில் 2010இல் கிளிடர் வவுர் சிகரத்தின் உயரம் 999 மீட்டர் அன்று, 1,000.8 மீட்டர் என்று தெரிந்து, அது வேல்ஸின் ஆயிரம் மீட்டர்ச் சிகரங்களின் வரிசையில் இடம்பெற்றது.

கேள்வி: கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, அதை வைத்து அளந்தால் போதாதா?

பதில்: போதாது. கைப்பேசி காட்டும் உயரத்தில் பல மீட்டர் பிழை இருக்கும். இங்கே வேண்டியதோ சென்டிமீட்டர்க் கணக்கு. வேலை தொடங்குவதே உச்சியில் எந்தப் பாறை மிக உயர்ந்தது என்று கண்டுபிடிப்பதில்தான். பத்தடி இடைவெளியில் நாலைந்து பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும்போது கண் எளிதில் ஏமாறும். ஆகையால் முக்காலியில் மட்டக்கருவியை நிறுத்தி, ஒவ்வொரு பாறையின் மேலும் அளவுகோலை நேராகப் பிடித்து ஒப்பிடுகிறார்கள். மனிதர் குவித்த கற்கள் கணக்கில் சேரா. பிறகு ஆன்டெனாவைப் பொருத்தி மணிக்கணக்கில் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பதிவு செய்து, நாடெங்கும் நிரந்தரமாக இயங்கும் நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் களைகிறார்கள்.

அதற்குப் பின்பும் ஒரு படி உண்டு. செயற்கைக்கோள் தருவது பூமியின் வடிவத்திற்குப் பொருத்தப்பட்ட கணித நீள்கோளத்திலிருந்து கணக்கிட்ட உயரம். வரைபடத்தில் அச்சாவதோ கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை பதிவான சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். வேல்ஸில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 50 மீட்டர் வேறுபாடு இருப்பதால், புவியீர்ப்பைக் கருத்தில் கொண்ட ஒரு மாதிரியைப் பயன்படுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார்கள். என் பார்வையில் இத்துறையின் மிகச் சுவையான பகுதி இதுவே. மலை அசையாமல் இருந்தாலும், இந்த மாதிரி திருத்தப்பட்டால் அதன் உயரம் மாறும்.

கேள்வி: மலை என்ற தகுதியை இழந்த சிகரங்களும் உண்டா? இதனால் சட்டப்படி ஏதாவது மாறுமா?

பதில்: உண்டு. பிரெக்கன் பீக்கன்ஸில் உள்ள வான் அ பிக், 700 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தும், ஹியூயிட் எனப்படும் மலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற 2,000 அடி உயரம் மட்டும் போதாது. பக்கத்து உயரமான சிகரத்தோடு இணைக்கும் கணவாயிலிருந்து உச்சி குறைந்தது 30 மீட்டராவது எழுந்து நிற்க வேண்டும். மறு அளவீட்டில் அந்த எழுச்சி 30 மீட்டருக்குக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் நட்டல் பட்டியல் கோருவது 15 மீட்டர் எழுச்சியே. அந்த அளவுகோலின்படி அது இன்றும் மலைதான்.

இந்தப் பட்டியல்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொதுவான 2000ஆம் ஆண்டுச் சட்டம், திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையை வரையறுக்கும்போது 600 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலை என்ற சொல்லுக்குள் அடக்குகிறது; எனவே மனித் கிரைக் கோக்கின் உச்சி பழைய அளவின்படியும் அதற்குள் அடங்கியது.

இவற்றையெல்லாம் விட நுட்பமான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் கும்பிரியாவில் உள்ள காஃப் டாப். முன்பு எல்லைக்குச் சற்றுக் கீழே நின்ற அதன் உயரம், 2016இல் புதிய மாதிரியைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது 609.606 மீட்டரானது. எல்லையை அது தாண்டியது 6 மில்லிமீட்டர் அளவில் மட்டுமே. இத்தகைய அளவீடுகளின் பிழை வரம்பே சில சென்டிமீட்டர் என்பதால், மனித் கிரைக் கோக்கை மலை என்று நான் தயங்காமல் சொல்வேன்; காஃப் டாப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.