பி.பிளான் படிக்க ஆசைப்படும் மகள்: கோவை அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சார்,

உங்கள் மகள் பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், நகரத் திட்டமிடல் பட்டமான பி.பிளான்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "கார்ப்பரேஷனில் பிளான் அப்ரூவல் வாங்கித் தருகிற வேலைக்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு?" என்று மைத்துனர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்குவது இந்தத் துறையின் கடைசிக் கட்டம். அந்த இடத்தில் வீடு கட்டலாமா, தொழிற்சாலை வரலாமா, முன்னால் போகிற ரோடு எத்தனை அடி இருக்க வேண்டும், எந்த நீர்வழியைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் பல வருஷம் முன்பே மாஸ்டர் பிளானில் எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் மகள் ஆசைப்படுவது அதை எழுதுகிற வேலைக்கு. உங்கள் ஊரையே பாருங்கள். 1994-இல் வந்த மாஸ்டர் பிளானுக்கு அப்புறம் 2041 வரைக்குமான புது வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-இல்தான். இடைப்பட்ட காலத்தில் சரவணம்பட்டியும் காளப்பட்டியும் எப்படி வளர்ந்தன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் இன்னும் பளிச்சென்று தெரியும். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. பாரிமுனையிலிருந்த வெளியூர் பஸ் நிலையம் 2002-இல் அதே கோயம்பேட்டுக்கு வந்தது. 2023 டிசம்பர் கடைசியில் தென்மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது. மூன்றையும் செய்தது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏதான். கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் தயார். பக்கத்திலேயே புறநகர் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்த ஜனங்கள் மாநகரப் பேருந்துக்காகக் காத்து நின்றார்கள். பஸ் நிலையம் ஒரு துறை, ரயில் நிலையம் வேறு துறை. இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்து தேதி ஒத்துப்போக வைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. வரைபடம் போடுவது மீதிதான். வாதாடவும் பொறுமையாகக் கேட்கவும் பிடிக்காத பிள்ளைக்கு இது சரிவராது.

இனி வேலைக்கு வருவோம். நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் 42 சதவீதம் காலி என்றது. இதைக் காட்டி "நிச்சயம் அரசு வேலை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பணியிடம் காலியாக இருப்பது வேறு, அதை நிரப்ப அறிவிப்பு வருவது வேறு. பல மாநிலங்களில் இந்தப் பதவிகளுக்கு நகரத் திட்டமிடல் பட்டம் கட்டாயத் தகுதியாகக்கூட இல்லை என்று அதே அறிக்கை குறைப்பட்டுக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புத் துறைக்கு டிஎன்பிஎஸ்சி வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். பழைய அறிவிப்புகள் இரண்டு மூன்றை எடுத்துத் தகுதிப் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். சிவில் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் படித்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மாநில அரசு வேலைதான் ஒரே குறி என்றால் பி.இ. சிவில் படித்துவிட்டு, நகரத் திட்டமிடல் முதுநிலைப் படிப்பான எம்.பிளான் போவது பாதுகாப்பான வழி. பொதுப்பணி, நெடுஞ்சாலைத் துறைத் தேர்வுகளின் கதவும் அப்போது திறந்திருக்கும். நகரம் என்பதே பிடித்துப்போய் நிற்கிறாள் என்றால் பி.பிளான். தனியார் ஆலோசனை நிறுவனங்கள், போக்குவரத்து ஆய்வு, ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபட வேலை, பெரிய பில்டர்களின் திட்டப் பிரிவு என்று வேலை இருக்கிறது. தொடக்கச் சம்பளத்தைப் பெரிய ஐடி கம்பெனியின் கேம்பஸ் சம்பளத்தோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் எம்.பிளான் முடித்தால்தான் நல்ல பொறுப்புகள் கிடைக்கும். ஆறு வருஷம் என்றே கணக்குப் போடுங்கள்.

சேர்க்கை பற்றி ஒரு விஷயம். நாட்டா நுழைவுத் தேர்வு கோச்சிங்குக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது ஆர்க்கிடெக்சருக்கு. டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கிற மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகள் (எஸ்பிஏ) மூன்றிலும் பி.பிளானுக்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் தாள் 2பி எழுத வேண்டும். கணக்கு, ஆப்டிடியூட், திட்டமிடல் கேள்விகள் மட்டும். இயற்பியல், வேதியியல், படம் வரைதல் கிடையாது. விண்ணப்பத்தில் இந்தத் தாளைத் தனியாக டிக் செய்ய வேண்டும். இன்ஜினியரிங்குக்கான முதல் தாளை மட்டும் டிக் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்கிலும் பி.பிளான் இருக்கிறது.

முடிவெடுக்கும் முன் மகளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் அப்ரூவல் வாங்கிய பெரிய லேஅவுட் ஒன்றின் வரைபட நகலைத் தேடிப் பிடிக்கட்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாகத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். கோவையில் எல்லோரும் ரிசர்வ் சைட் என்பது அதைத்தான். வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருக்கும் இடத்துக்கு இவள் நேரில் போய்ப் பார்க்கட்டும். பூங்காவா, தகர ஷெட்டா, பக்கத்து வீட்டுக்காரரின் காரா? இப்போது அங்கே என்ன இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வெயிலில் அலைந்து, நாலு பேரிடம் பேசி, அதற்கு அப்புறமும் "இன்னொரு லேஅவுட்டையும் பார்க்கட்டுமா அப்பா" என்று கேட்டால் தாராளமாக 2பி எழுத விடுங்கள். முதல் நாளே சலித்துவிட்டால் சிவிலைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

பெண் பிள்ளை ஃபீல்டில் அலைய வேண்டியிருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டியிருக்கும். படிக்கும்போதே வகுப்பாகச் சேர்ந்து தெருத்தெருவாகப் போய், எது வீடு, எது கடை, எது காலி இடம் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அதைச் செய்யாமல் இந்தப் பட்டம் வாங்க முடியாது. அவளைத் தடுக்கிற காரணமாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிசர்வ் சைட் பார்க்கப் போகும்போது முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அவள் எழுதியதை எனக்கு அனுப்பி வைத்தால் படித்துவிட்டுப் பேசலாம்.