கேலியம் நைட்ரைடு: பல்பு முதல் சார்ஜர் வரை – கேள்வி பதில்

கேள்வி: சார், சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலத்துக்கு மட்டும் ஏன் முப்பது வருடம்?

நீல ஒளிக்கு ஆற்றல் இடைவெளி (மின்னைக் கடத்த எலக்ட்ரான் தாண்டவேண்டிய ஆற்றல் அளவு) அகலமான குறைகடத்தி வேண்டும். சிலிக்கானுக்கு அது 1.1 எலக்ட்ரான் வோல்ட். கேலியம் நைட்ரைடுக்கு 3.4. இந்தப் பொருள் உதவும் என்பது தெரிந்ததுதான். அதை நல்ல படிகமாக வளர்க்க முடியவில்லை. அடியில் வைக்கும் நீலக்கல் தட்டின் அணு அடுக்கு இதனோடு பொருந்தாததால் படிகம் கரடுமுரடாக வளர்ந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் அகசாகியும் அவர் மாணவர் அமானோவும் 1986-இல் இடையே மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கைப் படியவைத்து வழி திறந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் இவர்களோடு நோபல் பெற்ற நகமுராவின் பங்கு என்ன?

ஒளி வர ‘பி’ வகைப் படிகமும் தேவை, அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகள் மின்னைக் கடத்தும் படிகம். மக்னீசியம் சேர்த்தும் அது அமையவில்லை. எலக்ட்ரான் கற்றை பட்டால் அமைகிறது என்று 1989-இல் நகோயா குழு காட்டியது. காரணத்தைப் பிடித்தது ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் இருந்த நகமுராவின் குழு. வளர்ப்பின்போது நுழையும் ஹைட்ரஜன் மக்னீசியத்தோடு பிணைந்து அதை முடக்கிவிடுகிறது. நைட்ரஜன் சூழலில் சூடாக்கினாலே ஹைட்ரஜன் விலகிவிடும். தொழிற்சாலைக்கு ஏற்ற வழி இதுதான். பிரகாசமான நீல எல்.இ.டி. 1993-இல் வந்தது, 2014-இல் மூவருக்கும் நோபல். நோய்க்காரணம் தெரிந்தபின் மருந்து இவ்வளவு எளிதாக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கேள்வி: வீட்டு பல்பு வெள்ளையாகத்தானே எரிகிறது?

பெரும்பாலும் உள்ளே நீலச் சில்லுதான். மேலே பூசிய ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்தால் வெள்ளை.

கேள்வி: அண்ணா, ‘கேன்’ (GaN, கேலியம் நைட்ரைடு) சார்ஜர் விலை கூடுதல். வாங்கலாமா?

பயணத்துக்குச் சின்னதாக வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். இந்தப் பொருள் சிலிக்கானைவிடப் பத்து மடங்கு அளவுக்கு மின்புலம் தாங்கும். அதனால் டிரான்சிஸ்டரைச் சிறிதாகச் செய்யலாம். அது இன்னும் வேகமாக, குறைந்த இழப்போடு திறந்து மூடும். அப்படித் திறந்து மூடும் அதிர்வெண் ஏற ஏற, சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் அளவு குறைகிறது. அதே வாட் சிலிக்கான் சார்ஜரைவிடப் போன் வேகமாக ஏறும் என்று மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு வாங்குவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது.

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். இத்துறையில் எங்கே தொடங்கலாம்?

தம்பி, படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த வேலை நடக்கிறது. மலிவான சிலிக்கான் தட்டின் மேல் வளர்க்கும்போது, குளிர்கையில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் படலம் விரிசல் விடும். அந்த இழுவிசையைச் சமாளிக்கும் இடையடுக்குகளைப் பற்றிப் படிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.