எலி, குதிரை, ஜீப்ரா மீன்: ஒரு கடிதம்

அண்ணே வணக்கம்,

ஊரு பாம்பன், அப்பா நாட்டுப்படகு. நான் எம்எஸ்ஸி விலங்கியல் கடைசி வருசம். உங்க சித்தப்பாவ சுருட்டை விரியன் கடிச்சு பிழைச்ச கதைய போன மாசம் எழுதியிருந்தீங்க, குதிரை போட்ட பிச்சைன்னு அதுல ஒரு வரி வரும். அதுல இருந்து ஒரே யோசனை. என் ப்ராஜெக்ட் ஜீப்ரா மீன்ல. தொட்டி தொட்டியா மீன விட்டு பூச்சிமருந்து அளவ கூட்டிக்கிட்டே போகணும், 96 மணி நேரத்துல பாதி மீன் சாகுற அளவு எதுன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டாவது நாள் ராத்திரி ஒரு மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு, என்னால நிக்க முடியல, வெளிய வந்துட்டேன். "மீன்காரன் வீட்டுப் புள்ள மீன் சாகுறதுக்கா அழுவுற"ன்னு சார் சிரிச்சாரு. அவரு சொல்றதும் ஞாயம்தானே, வீட்டுல துடிக்கத் துடிக்க மீன் ஆஞ்சவதான் நான். போன வருசம் சீனியர் அக்கா இதே மருந்த வச்சு இதே சோதனைதான் செஞ்சாங்க. இப்படி உயிர வச்சு சோதனை பண்றது சரியா தப்பா? உங்க சித்தப்பாவ மனசுல வச்சுக்கிட்டே சொல்லுங்க. பேரு போடாதீங்க.

---

தங்கச்சிக்கு,

சித்தப்பாவ மனசுல வச்சுக்கிட்டு சொல்லச் சொல்லி நல்லா மாட்டிவிட்டுட்ட. சரி அங்கேருந்தே வர்றேன்.

திருப்புல்லாணி பக்கம் கரிமூட்டத்துக்கு கருவேலம் வெட்டப் போனவரு, விறகுக்கு அடியில கெடந்த சுருட்டை போட்டுருச்சு. ஆஸ்பத்திரியில மொதல்ல ஒரு கண்ணாடி ட்யூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சாங்க, சாய்ச்சுப் பாத்தா தண்ணி மாதிரி ஓடுது, உறையவே இல்ல. அப்புறம் பத்து குப்பி மருந்து ஏத்துனாங்க. அந்த மருந்துக்கான விஷம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க எடுக்குறது, 1978ல ஆரம்பிச்ச சங்கம் அது. அத கொஞ்சங்கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அது உடம்புல எதிர்ப்பு உருவானதும் ரத்தத்த எடுத்துப் பிரிக்கிறாங்க. இது வரைக்கும்தான் அன்னைக்கு எழுதுனேன். எலிய பத்தி எழுதல. மறந்து விட்டதுன்னு சொன்னா பொய், எழுதுனா கதை கெட்டுப்போயிரும்னு விட்டேன்.

தயாரான மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? விஷத்தையும் மருந்தையும் கலந்து அரை மணி நேரம் வச்சு எலிக்கு போடுறாங்க. ஒரு கூட்டத்துக்கு மருந்து கொஞ்சம், அடுத்ததுக்கு கூட, அதுக்கடுத்ததுக்கு இன்னும் கூட. எந்த அளவுல பாதி எலி பிழைக்குதோ அதுதான் கணக்கு. பாதி பிழைக்கணும்னா மிச்சப் பாதி சாகத்தானே செய்யும். உன் தொட்டிக் கணக்கும் சித்தப்பா குப்பிக் கணக்கும் ஒரே கணக்குதான் தங்கச்சி, ஒளிக்க முடியாது.

இருந்தும் அந்த எலிச்சோதனைய நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல 2000ல இருந்து 2019 வரைக்கும் பாம்பு கடிச்சு செத்தவங்க சுமார் 12 லட்சம் பேருன்னு ஒரு கணக்கு இருக்கு, பெரும்பாலும் கிராமத்துக்காரங்க, காட்டுலயும் வயல்லயும் நிக்கிறவங்க. இன்னொன்னும் சொல்லணும், அது உங்கப்பா விஷயம். இங்க கிடைக்கிற மருந்து நாலு பாம்புக்குத்தான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. வலையில வர்ற கடல் பாம்புக்கு இது கேக்காது, அதுக்கு மருந்து ஆஸ்திரேலியாவுல செய்யிறாங்க. வலைய உதறும்போது ஒன்னு கையில போட்டுச்சுன்னா மூச்சுக்கு மெஷின் வச்சு காப்பாத்துனாத்தான் உண்டு. நம்ம கடக்கரைக்காகன்னு இங்க இதுவரைக்கும் ஒரு குதிரைக்கும் கடல் பாம்பு விஷம் ஏத்தி மருந்து வரல, நாளைக்கு ஏத்தப்போறோம்னு யாராவது வந்தா சந்தோசமா தலையாட்டுவேன். இது என் சுயநலம்தான், வேற பேரு வைக்க வரல.

இப்ப உன் சார் சொன்னதுக்கு வர்றேன். வலையில வர்ற மீன் ஒன்னும் சுகமா சாகல, அது உண்மை. பாம்பன்ல கணவாய எடை போட்டு ஐஸ் பெட்டியில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறோம், அது எப்படி செத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. ஐரோப்பாவுல 2010ல போட்ட சட்டப்படி அதே கணவாய உசுரோட லேப்புக்குள்ள கொண்டு போகணும்னா அனுமதி வேணும், வலிய கொறைக்கணும், கணக்கு காட்டணும். சட்டியில போனா கேள்வி இல்ல, தொட்டியில போனா ஆயிரம் கேள்வி, கேக்க கோமாளித்தனமாத்தான் இருக்கு. ஆனா ஒன்னு, உங்கப்பா நேத்து பிடிச்ச மீன இன்னைக்கு திரும்பப் பிடிச்சு, நேத்து மாதிரியே சாகுதான்னு பாத்து நோட்டுல எழுத மாட்டாரு. நீ அதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்க. சீனியர் அக்கா நோட்டுல விடை ஏற்கெனவே இருக்கு.

உன் கடுதாசியில எனக்கு பெருசாப் பட்டது சீனியர் அக்காவ பத்துன அந்த ஒரு வரிதான், மீன் வாயத் தொறந்தது கூட இல்ல.

நானும் காலேஜ்ல தவளை அறுத்தவன். எந்த காலேஜுன்னு வேண்டாம். க்ளோரோஃபார்ம் பத்தாம பாதியில ஒன்னு முழிச்சுருச்சு, ஆணி அடிச்ச காலோட இழுக்குது, பக்கத்து டேபிள் பயலுக சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சேன். அன்னைக்கு அந்த ஹால்ல நாப்பது தவளை இருக்கும். அந்த நாப்பதும் காட்டுனது புஸ்தகத்துல படமாவே இருந்துச்சு. இத்தனைக்கும் 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல தெளிவா எழுதியிருக்கு, புஸ்தகம், மாதிரி பொம்மை, படம் வச்சு சொல்லிக்கொடுக்க முடியும்னா சோதனைய தவிர்க்கணும், வெறும் கைப்பழக்கத்துக்காக உயிர் மேல சோதனை முடிஞ்ச வரைக்கும் செய்யக்கூடாதுன்னு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவுல விடாம போராடி அதுக்கு அடிபோட்டாங்க. கல்லூரிகள்ல அறுக்குறத நிறுத்தச் சொல்லி யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, உத்தரவு போட 2014 ஆச்சு, அம்பத்து நாலு வருசம்.

இப்படி மிருகங்கள பயன்படுத்துறத கொறைச்சா மனுசனுக்கு நட்டம்னு ஒரு பேச்சு உண்டு, அதையும் நான் நம்பல. நாய் கடிச்சா தொப்புளச் சுத்தி 14 ஊசின்னு உங்க அம்மாச்சிய கேளு, சொல்லும். குன்னூர்ல செஞ்ச அந்த மருந்து ஆட்டு மூளையில இருந்து வந்தது, ஆட்டுக்கு வெறிநோய ஏத்தி, அது விழுந்தப்பறம் மூளைய எடுத்து செய்யிறது. போட்டுக்கிட்டவங்கள்ல சிலருக்கு கை கால் விழுந்துரும். 2004 கடைசியோட நாட்டுலயே அத நிறுத்திட்டாங்க, இப்ப செல் வளர்த்து செய்யிறாங்க, கையில நாலஞ்சு ஊசியோட முடியுது. ஆடும் தப்புச்சு நம்மளும் தப்புச்சோம்.

அதனால சரியா தப்பான்னு மொத்தமா கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. உன் தொட்டிய மட்டும் கேட்டா இருக்கு: இந்த சோதனை வேண்டாம். மீனுக்கும் வழிகாட்டி நெறிமுறை வந்துருச்சு, உங்க டிபார்ட்மெண்ட்ல விலங்குச் சோதனைக்கான கமிட்டி அனுமதி வாங்குனாங்களான்னு மரியாதையாவே கேளு. சார் மொகம் மாறும், மாறட்டும். மருந்தோட நச்சுத்தன்மைதான் வேணும்னா முட்டையிலயும் கருவுலயும் பாக்குற முறைக்கு 2013லயே ஓஇசிடிங்கிற பன்னாட்டு அமைப்பு தரம் போட்டாச்சு, முழு மீன் தேவையில்ல. இல்ல சீனியர் அக்கா கணக்க எடுத்து அந்த மருந்து நம்ம கம்மாய் தண்ணியில எவ்வளவு கெடக்குன்னு பாரு, அது யாருக்காவது உதவும்.

இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்கன்னா விசைப்படகு கரை வர்ற நாளா பாத்து மண்டபத்துக்கு வா. சங்காயம், அதான் விலை போகாத கழிவு மீன், குவிச்சிருப்பாங்க, கோழித்தீவனத்துக்குப் போறது, எல்லாம் ஏற்கெனவே செத்தது. அதுல எத்தன வகை, எத்தன குஞ்சு, எது முட்டை போடுற வயசுக்கே வராததுன்னு எண்ணி எழுது, ஒரு எம்எஸ்ஸிக்கு தாராளமாப் போதும். வெள்ளன வந்துரு, வெயில் ஏறுறதுக்குள்ள லாரியில ஏத்திருவாங்க, நாத்தமும் தாங்காது. அது உனக்குப் பழக்கந்தான், நான் மூக்கப் பொத்திக்கிட்டு கூட நிக்கிறேன்.